அஞ்சு தரம் எண்ணும் புற்றம்மா

பகல் ஒன்று இருபதுக்கு, எங்கள் வீட்டுக் குசினியில், என் மகள் வதனி, "எனக்குச் சோறு வேண்டாம். நான் கிழங்கு சாப்பிட்டிட்டன்" என்றாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

"ஆர் தந்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் தரேல்லை. புற்று மாமியின்ர பெட்டியில கிடந்தது."

என் மனைவியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. நான் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது கார்த்திகைக் கிழங்கு. தின்றால் மாடும் தப்பாது, மனிதரும் தப்பார். வட்டக்கச்சியில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், என்னுடைய பிள்ளையைத் தவிர.

விஷக் கிழங்கைப் பெட்டியில் வைத்திருந்த புற்றம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வன்னி நிலம் முழுவதிலும் எண்ணிப் பிழைவிடாத மனிதப் பிறவி அவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் தபாற்காரருக்கு மட்டும் தெரியும்.

இங்கிலாந்தில் பல வருடம் புற்றுநோய் ஆராய்ச்சி செய்தவர். தமையனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும், ஒரு நுணுக்குக்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு லொறியில் வந்து இறங்கினார். "அம்மாவுக்கு என்ன உத்தியோகம்?" என்று பக்கத்துக் காணிக் கந்தப்பு கேட்டார். "நான் புற்றை ஆராயிறனான்" என்றார் அவர்.

மறுநாள் விடியக் கந்தப்பு ஒரு செம்பு பாலோடு வந்து, வாய்க்கால் கரையில் ஆளுயரத்துக்கு நின்ற பாம்புப் புற்றுக்கு அவரைக் கூட்டிப்போனார். "உள்ள நாகம் கிடக்கு அம்மா. தள்ளி நிண்டு ஆராயுங்கோ." மறுத்தால் மனிதர் நோகுவார் என்று அவர் அரை மணித்தியாலம் அங்கே நின்றார். திரும்பும்போது, "முப்பத்தொரு துவாரம்" என்றார். அன்றிலிருந்து அவர் புற்றம்மா.

உண்மையில் அவர் எண்ணியது வேறு. நம் உடம்பைக் கட்டியிருக்கிற ஒவ்வொரு நுண்ணிய கலத்துக்குள்ளும் நிறமூர்த்தம் என்று நூல் நூலாக இருக்கிறதாம். (கந்தப்பு, "அது எந்தக் கோயில் மூர்த்தி?" என்று கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.) மனிதருக்கு நாற்பத்தெட்டு என்று உலகத்துப் பேரறிஞர்கள் எல்லாரும் வருடக்கணக்காகப் பிழையாக எண்ணி வைத்திருந்தார்களாம். பிறகு பார்த்தால் நாற்பத்தாறுதானாம்.

"அதாலதான் தம்பி, அஞ்சு தரம் எண்ணாமல் நான் ஒண்டும் சொல்லுறேல்லை" என்பார். "கலம் பிரியேக்க எண்ணிக்கையில பிழை விட்டால், அந்தப் பிழை ரெண்டாகும், நாலாகும். அதுதான் புற்று எண்டு நான் நினைக்கிறன்."

பிரிகிற கலத்தில் அந்த நூல்கள் ஓடித் திரியுமாம், எண்ண விடாதாம். கார்த்திகைக் கிழங்கின் சத்துப் பட்டால் நின்ற இடத்தில் நின்றுவிடுமாம். சீமையில் அதைச் சின்னப் போத்தலில் வாங்கவேண்டும். எங்கள் வேலிகளில் அது சும்மா படர்ந்து கிடந்தது. அதைப் பிடுங்கி, இடித்து, வெங்காய வேரில் விட்டு, நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பார்.

அந்தக் கிழங்கைத்தான் என் மகள் தின்றிருக்கிறாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புற்றம்மாவின் கொட்டில் நாலு வேலி தள்ளி. அவர் நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணும் கொப்பியில் ஒரு கண்ணுமாக இருந்தார்.

"அக்கா! இவள் உங்கட பெட்டியில கிழங்கு எடுத்துத் திண்டிட்டாள்!"

அவர் முகம் வெளிறியது. பெட்டியைத் திறந்தார். அரைப் பெட்டி கிழங்கு கிடந்தது.

"எத்தினை இருந்தது?" என்று கேட்டேன்.

"எண்ணேல்லையே தம்பி."

"கண்ணுக்குத் தெரியாத நூலை எண்ணுறியள், கண்ணுக்கு முன்னால கிடக்கிற கிழங்கை எண்ணேல்லையோ?"

"அது ஆராய்ச்சி இல்லை. சாமான்" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "என்ர மத்தியானச் சாப்பாட்டையும் அதுக்குள்ளதான் வைக்கிறனான். ஒரு அவிச்ச இனிப்பு வத்தாளங்கிழங்கு. வெளியில வைச்சா எறும்பு வருது. இப்ப அதைக் காணேல்லை."

என் மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "அப்ப இவள் அதைத்தான் திண்டிருப்பாள். அக்கா, நீங்கள் மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?"

புற்றம்மா கூரையைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். தன் கையை மோந்து பார்த்தார்.

"தெரியேல்லை" என்றார்.

அவர் சாப்பிட்டிருந்தால் என் பிள்ளை தின்றது விஷம். அவர் சாப்பிடாமலிருந்தால் என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. உலகத்தில் அந்தப் பதில் ஒரே ஒரு தலைக்குள் இருந்தது. அந்தத் தலையில் நாற்பத்தாறு நூலுக்கு இடமிருந்தது, ஒரு கிழங்குக்கு இடமில்லை.

மகளைக் கேட்டேன். "பிள்ளை, கிழங்கு இனிச்சதோ?"

"ஓம்."

"கைச்சதோ?"

"ஓம்."

"அவிச்சதோ, பச்சையோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி கிளிநொச்சியில். வழியில் மதகுக்கு மேலால் இடுப்பளவு வெள்ளம், வண்டில் போகாது. சத்தம் கேட்டு வந்த கந்தப்பு அவரைக் கூட்டிவரச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கினார். அவர் மறுகரையில் ஏறிய பிறகும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சத்தி தொடங்க ரெண்டு மூண்டு மணித்தியாலம் எடுக்கும்" என்றார் புற்றம்மா. அதை என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மனைவி உப்புத் தண்ணீர் கரைத்துப் பருக்கினாள். பிள்ளை முற்றத்தில் குனிந்து சத்தி எடுத்தாள். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனேன்.

"கொட்டிப்போடாதேங்கோ! கொட்டிப்போடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு புற்றம்மா கண்ணாடித் துண்டுகளோடு ஓடிவந்தார். சேலைத் தலைப்பு நிலத்தில் இழுபட்டது.

"பிள்ளை சாகக் கிடக்கு, இவா சத்தியைக் கேக்கிறா!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பச்சைக் கிழங்குக்குள்ள கிடக்கிற மாவு மணியும் அவிச்ச கிழங்கின்ர மாவு மணியும் ஒண்டில்லை தங்கச்சி. அவிச்சால் ஊதிப் போடும். நான் ஆராய்ச்சிக் கிழங்கை அவிக்கிறதே இல்லை, பச்சையாத்தான் இடிக்கிறனான்."

நுணுக்குக்காட்டியின் அடியிலிருந்த சின்னக் கண்ணாடியில் வெளிச்சம் விழவேண்டும். வானம் கருமுகிலாகக் கிடந்தது. பகல் இரண்டு மணிக்குப் பெற்றோமாக்ஸ் விளக்குக் கொளுத்தினோம். என் அவசரத்தில் விரல் பட்டு முதல் மென்றல் வலை உதிர்ந்துபோனது. இரண்டாவதை மனைவி கட்டினாள்.

புற்றம்மா சத்தியை ஐந்து கண்ணாடித் துண்டில் தடவி, முதல் துண்டைப் பார்த்தார். "ம்" என்றார்.

"ம் எண்டால் என்ன?"

"இன்னும் நாலு கிடக்கு."

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். ஒரு சொல்லு சொல்லுங்கோ!"

"ஒண்டை வைச்சுச் சொல்லித்தான் நாற்பத்தெட்டு எண்டவை" என்றார். தலை நிமிரவில்லை.

இரண்டாவது. மூன்றாவது. மகள் என் மடியில் கிடந்து தன் வயிற்றைத் தடவினாள். அவள் தடவிய ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. நாலாவதைப் பார்க்கும்போது புற்றம்மாவின் கை ஆடியது. பயத்தில் ஆடுகிறது என்று எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஐந்தாவதுக்குப் பக்கத்தில் பெட்டியிலிருந்த கிழங்கொன்றைச் சுரண்டி வைத்தார். இதை ஒரு தரம் பார்த்தார், அதை ஒரு தரம் பார்த்தார்.

"அவிச்சது" என்றார். "அஞ்சும் அவிச்சது. பச்சையா ஒரு மணி கூட இல்லை."

வாசலில் நின்ற என் மனைவி அந்த இடத்திலேயே சேற்றில் குந்திவிட்டாள்.

புற்றம்மா கொப்பியில் அதை எழுதினார். எழுதியதை வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார். ஏதோ பெரிய கண்டுபிடிப்பு வரப்போகிறது என்று பார்த்தோம்.

"அப்ப நான் இண்டைக்குச் சாப்பிடேல்லை" என்றார். அப்படியே கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார்.

நாலு மணிக்குப் பிறகுதான் அப்போதிக்கரி வந்து சேர்ந்தார். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்து வெள்ளத்தைக் கடந்திருந்தார். காற்சட்டையிலிருந்து தண்ணீர் ஓடியது. "எங்கே பிள்ளை? படுக்க வையுங்கோ!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவர் திகைத்து நின்றார். பாயில் படுத்திருந்தது புற்றம்மா. பக்கத்தில் என் மகள் கரண்டியோடு இருந்து, "வாயைத் திறவுங்கோ மாமி" என்று கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். அப்போதிக்கரி இருவருடைய நாடியையும் பார்த்தார். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. இவாவைத்தான் தனிய விடாதேங்கோ" என்றார்.

வதனிக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் வாய் அசைந்தால் இன்றைக்கும், "என்ன திங்கிறாய்?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. "நாக்கைத்தான் அப்பா" என்பாள். புற்றம்மா நுணுக்குக்காட்டியோடு திரும்பவும் சீமைக்குப் போய்விட்டார். அங்கே யார் அவருக்குச் சோறு போடுகிறார்களோ தெரியாது. கடிதத்தில் அதைக் கேட்டால், எத்தனை கலம் எண்ணினார் என்று பதில் வருகிறது.

ஆனால் அன்றைக்கு மறுநாளை நான் மறக்கவில்லை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மழைக்குள் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே புற்றம்மா, கையில் கொப்பி. எங்கள் குசினியில் மூன்று பேருக்கு நாலு சோற்றுப் பீங்கான் ஏற்கெனவே வைத்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. வாசலில் நின்று, ஆராய்ச்சி முடிவு சொல்லும் குரலில் சொன்னார்:

"தம்பி, அஞ்சு தரம் யோசிச்சுப் பாத்தனான். இண்டைக்கும் நான் இன்னும் சாப்பிடேல்லை."