அடியில் எழுதியிருப்பதைப் படிக்காதே

நுக்குஃபெட்டாவ் தீவு, துவாலு
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வாலிசிக்கு, அப்பா சுவாலிகி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நான்கு பன்றிகளும் ஆண்டவர் அருளால் நலம். ஆக்லாந்தில் உன் நலம் எப்படி என்பது நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

நான் படத்தில் நடித்த கதையை ஊரார் கண் காது மூக்கு வைத்து உனக்குச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பருவநிலை மாற்றம் பற்றிய பட விழாவுக்குப் படம் எடுக்க மெல்பர்னிலிருந்து பிரிட்ஜெட் என்றொரு பெண் கேமராவோடு வந்தாள். கடலை ஒட்டிய வீடு என்னுடையது, போதாததற்கு என் முகமும் அழுமூஞ்சி, பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குப் போடும் சட்டையில் போய் நின்றேன். ரொம்ப சந்தோஷமாகத் தெரிகிறது, கழற்றுங்கள் என்றாள். முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து, கடல் ஏறுகிறது, கிழங்கு நடும் குழியெல்லாம் உப்பாகிவிட்டது என்று இங்கிலீஷில் பதினாறு தடவை சொல்லவைத்தாள். அத்தனையும் நிஜம்தான், ஆனால் பதினாறு தடவை சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலாந் தடவை செருப்பு போச்சு, ஒன்பதாந் தடவை நம்ம பெரிய பன்றி நீந்தி வந்து குறுக்கே நின்னு கேமராவையே பாக்குது. மொழிபெயர்க்க வந்தவர் கப்பல் மயக்கத்தில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அவள், மனசில் இருப்பதை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள், படத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்றாள். அந்த எழுத்து ஏற்கெனவே அவள் பையில் தயாராக இருந்தது. நானும் வாய்க்கு வந்ததை உளறிவைத்தேன்.

போன வாரம் ஊர்க்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் முன்வரிசைப் பாயில். துணியில் நான் பேசுகிறேன்: “வாலிசி, நீ பேசிப் பத்து மாசமாச்சும்மா. ஞாயித்துக்கிழமை கோயில் விட்டதும் போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். மீன் ஆறிப்போவுது.” அடியில் எழுத்து ஓடுகிறது: ‘எங்கள் முன்னோரின் குரலைக் கடல் கொண்டுபோகிறது.’ விருந்தாளிகள் மூக்கைச் சிந்தினார்கள். நம் ஜனம் உருண்டு சிரித்தது. பக்கத்து வீட்டு செலுகாதான், “சிரிக்காதீங்க. எம்மவன் பேசியும் ஒரு வருஷமாவுது” என்றாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே, யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதே. அது வெறும் நடிப்பு. எனக்கு ஒரு குறையும் இல்லை, பேச்சுத் துணைக்கு ஊரே இருக்கிறது. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், போனுக்கு அவசரமே இல்லை. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். நீ போகும் இடமெல்லாம் ஆண்டவர் முன்னால் போகட்டும்.

உன் அப்பா,
சுவாலிகி

பி.கு.: படம் ஆகஸ்டில் ஆக்லாந்துக்கு வருகிறதாம். போனால், அடியில் எழுதியிருப்பதைப் படிக்காதே. கண்ணை மூடிக்கொண்டு கேள். நான் நடித்தது பதினாறு தடவைதான் அம்மா. அவள் படத்தில் போட்டது பதினேழாவது.