மாமனாரின் கடைசி சிக்னல்

ஊரின் பழைய செல்போன் நெட்வொர்க்கை மாலை ஐந்து மணிக்குப் பொறியாளரான என் கையாலேயே அணைக்க வேண்டும் என்று உத்தரவு. வீட்டில் ஃபேனை அணைக்கக்கூட மனைவியிடம் அனுமதி கேட்கிற எனக்கு, ஓர் ஊரையே அணைக்கும் அதிகாரம்! அன்று சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

பழைய நெட்வொர்க் என்றால் பட்டன் போன் காலத்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் போகும். அது இடத்தைக் காலி செய்தால்தான் அந்த அலைவரிசை புதியதற்குக் கிடைக்கும். எல்லாரையும் புதியதற்கு மாற்றியாகிவிட்டது. ஒரே ஒருவர் பாக்கி. திரையில் பெயரைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

என் மாமனார்.

அவர் இறந்து நான்கு வருடம். ஜெயில் வார்டனாக இருந்தவர். கைதிகளை எண்ணிய பழக்கத்தில், தினமும் போன் போட்டு மாப்பிள்ளை நானும் இருக்கிறேனா என்று சரிபார்ப்பார்.

போன் நாம் பேசாவிட்டாலும் சும்மா இருக்காது. "நான் இங்கே இருக்கேன்" என்று பக்கத்து டவரிடம் அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். நகர்ந்தால் அடுத்த டவர் வாங்கிக்கொள்ளும். அந்தத் தடத்தைத் தேடினேன். காலை எட்டரை, என் வீட்டுப் பக்கத்து டவர். ஒன்பது, பாலத்து டவர். ஒன்பதரை, இதே அலுவலகத்தின் மாடி டவர். நான் வந்த வழி, வந்த நேரம்.

முந்தைய வாரத்தையும் பார்த்தேன். தினமும் இரண்டிலிருந்து நாலு வரை வடக்கு டவர்.

உங்களிடம் மட்டும் ஓர் உண்மை. டவருக்கடியில் இயந்திரங்களுக்காக ஓர் அறையைக் குளுகுளுவென்று வைத்திருப்போம். 'பரிசோதனை' என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, அங்கேதான் தினமும் பாய் விரித்துத் தூங்குவேன். அப்படியானால் நான் தூங்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்!

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அலுவலகத்திலிருந்த உதவிப் பொறியாளரை போனில் கேட்டுக்கொண்டே போனேன்.

"இப்ப எங்கய்யா இருக்கு?"

"பாலத்து டவர் சார்."

நான் பாலத்தில்தான் இருந்தேன். சட்டென்று திரும்பி, வந்த வழியே கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

"இப்ப?"

"அதுவும் நம்ம மாடி டவருக்கே திரும்பிடுச்சு சார்… நீங்க தனியாத்தான போறீங்க?"

ஆளில்லாத சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். மாமனார் எண்ணை அழுத்தினேன்.

உடனே எடுத்தார்கள்.

பேச்சில்லை. காற்றிரைச்சல் மட்டும். தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதே ஹாரன், அரை நொடி தாமதமாக, போனுக்குள்ளும் அடித்தது.

"மாமா…?" என்றேன்.

"மாமா…?" என்றது எனக்குக் கீழே ஏதோ ஒன்று.

குதித்தேன். சீட்டைத் தூக்கினேன். பழைய காலுறைக்குள் அவருடைய பட்டன் போன், பச்சை வெளிச்சத்தோடு. வீட்டுக்கு போன் போட்டேன்.

"உங்கப்பா போன் என் சீட்டுக்கடியில இருக்குடி!"

"தெரியும். நான்தான் வச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"நாலு வருஷமா."

"சார்ஜ்?"

"ஞாயித்துக்கிழமையானா உங்க வண்டியத் தொடைக்கிறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அன்பு என்று நினைத்திருந்தேன்.

"மணி அடிக்காம தானா எடுத்துக்கும். ரெண்டு மணிக்கு மேல உங்க குறட்டை கேக்கும்."

"வேவு பாக்குறியா?"

"அப்பா குறட்டையும் அப்படியேதாங்க இருக்கும். அந்த நம்பரைக் கூப்பிட்டா, அவர் அங்க தூங்கிட்டிருக்கிற மாதிரி ஒரு ஆறுதல்."

அந்தப் பட்டன் போனைச் சட்டையில் துடைத்தேன். இருந்தாலும் மூளை வேலை செய்தது. வாரிசு கையெழுத்துப் போட்டால் எண்ணை மாற்றலாம். புது போன் என்றால் அவள் கையிலேயே இருக்கும், என் சீட்டுக்கடியில் அல்ல!

"அதே நம்பரைப் புது நெட்வொர்க்குக்கு மாத்தித் தரேன். உன்கிட்டயே இருக்கட்டும். அதுல வீடியோ கால்ல முகமெல்லாம் துல்லியமா தெரியும், பாரேன்!"

"அப்படியா? எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள், இவ்வளவு சுலபமாக.

அவள் கையெழுத்து வந்ததும், ஐந்து மணிக்கு அலுவலக அறையிலிருந்து அணைத்தேன். என் கையிலிருந்த பட்டன் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கோடு மட்டும் போக மனமில்லாததுபோல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது. அந்த அறையில் யாரோ மூச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. ஆனாலும் நான் விடுதலையாகிவிட்டேனே!

மறுநாள் இரண்டரை மணி. வடக்கு டவர் அறையில் ஆழ்ந்த உறக்கம். போன் அதிர்ந்தது. திரையில்: 'மாமனார் அழைக்கிறார்.'

அலறி எழுந்து, வெளியே ஓடி, தலையைக் கோதி, டவரை அண்ணாந்து பார்த்தபடி எடுத்தேன். வீடியோ கால். புதுப் போனில் மனைவி.

"வேலையா இருக்கேம்மா. ரொம்ப முக்கியமான பரிசோதனை" என்றேன்.

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. கன்னத்துல பாய்க்கோடு எவ்வளவு துல்லியமா தெரியுது!"