ஒரு வாரிசு தேவை

ஒரு புதிர். ஒரு பாட்டிக்கு முன்பல் இரண்டும் இல்லை. பேரனுக்கு ஐம்பத்தேழு வயது. பாட்டிக்கு என்ன வயது?

தொண்ணூறு என்று சொல்லியிருப்பீர்கள். தோபா ஏரிக்கரைக் குழந்தைகள் அப்படி அவசரப்பட மாட்டார்கள். அங்கே முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால், முதலில் குலம் எது என்று கேட்பார்கள். ஒரே குலம் என்றால், குல முதல்வரிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்று கேட்பார்கள். எண் குறைந்தவர் பெரியவர். நரைக்கும் திரைக்கும் அங்கே மதிப்பெண் கிடையாது.

ஆகவே, விடை ஏழு. பாட்டியின் பெயர் லம்ரியா.

தான் ஒரு பாட்டி என்பது அந்த வெள்ளிக்கிழமை காலைவரை லம்ரியாவுக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மாலை நான்கு மணிக்குள் ஒரு சான்றிதழ் வாங்காவிட்டால் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான்.

சான்றிதழைக் கொடுப்பது மூதாதையர் இணைப்பு அலுவலகம். தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடி உட்கார்ந்து, தங்கள் மூதாதையர் அனைவரோடும் ஒன்றாகிவிட்டதாக உணரத் தொடங்கியிருந்தார்கள். இந்த உணர்வு ஏழை எளியவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அரசு கருதியது. கருதியதோடு நிற்காமல் படிவமும் அச்சடித்தது.

"மூதாதையர் பேரைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி சஹாலா.

லம்ரியாவின் அப்பா பெயர் போனார். ஏரியில் மீன் வளர்ப்பவர். தன் பெயரோடு சேர்த்துப் பதின்மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொன்னார்.

"இது அப்பா வழி மட்டும். 'அனைத்து மூதாதையரும்'னு சுற்றறிக்கை சொல்லுது. அப்பா அம்மா ரெண்டு பேர், அவங்களைப் பெத்தவங்க நாலு பேர். இப்படியே பதின்மூணு படி ஏறினா, மேல்படியில மட்டும் எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்திரண்டு பேர். கட்டமெல்லாம் போட்டு வெச்சிருக்கோம்."

"ஐயா, அந்தக் காலத்துல இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் அத்தனை பேர் இருந்திருக்க மாட்டாங்களே!"

"அப்போ சில பேர் ரெண்டு மூணு கட்டத்துல வர்றாங்கன்னு அர்த்தம். அவங்க நேர்ல வந்து விளக்கம் கொடுக்கணும்."

சஹாலா படிவத்தைத் திருப்பித் தரப்போனார். குலப்பெயர் கண்ணில் பட்டது. கை நின்றது.

"நம்ம குலமாச்சே! நீங்க எத்தனையாவது?"

"நான் பதின்மூணு. பொண்ணு பதினாலு."

ஐம்பத்தேழு வயதான சஹாலா பதினாறாவது தலைமுறை. அவர் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"ஒப்புங்!" என்று லம்ரியாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஒப்புங் என்றால் பாட்டி. லம்ரியா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே எந்தப் பாட்டியும் இல்லை.

போனாரின் குரல் சட்டென்று மாறியது. "டேய் சஹாலா, பாட்டி காலையிலிருந்து நிக்கிறா. கண்ணு தெரியலையா?"

மெத்தை வைத்த நாற்காலி வந்தது. தேநீர் வந்தது.

"இப்போ முத்திரையைக் குத்து" என்றார் போனார்.

"எப்படி முடியும்? பாட்டிகிட்ட விண்ணப்பம் வாங்கறது மரியாதைக் குறைவு. ஒப்புங் ஆணைதான் இடணும்."

"குத்து" என்று ஆணையிட்டாள் லம்ரியா.

"உத்தரவு ஒப்புங். எழுதிக் குடுத்துடுங்க."

"எனக்கு எழுதத் தெரியாதே. அதுக்குத்தான் பள்ளிக்கூடம் போறேன்."

"கைநாட்டு வைக்கலாம். அறுபது ஆனவங்களுக்கு விதி இடம் கொடுக்குது. ஒப்புங் என்னைவிட மூத்தவங்க, அதனால அறுபதுன்னே போட்டுக்கறேன்." சஹாலா கொஞ்சம் யோசித்தார். "ஆனா அறுபது வயசு ஆளை ஒண்ணாம் வகுப்புல சேர்த்துக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் யாராலும் குற்றம் காண முடியவில்லை.

"கவலை வேண்டாம். ஒப்புங்கை 'வாழும் மூதாதையர்'னு பதிஞ்சுடறேன். தினமும் நாற்காலி, தேநீர். நாளைக்கு நடக்கிற அலுவலக விருந்துல, பெரியவங்களுக்குன்னே ஒதுக்கற பன்றியோட தலைப்பங்கு."

தலைப்பங்கு என்ற சொல், பின்னால் சான்றிதழுக்காகக் காத்து நின்ற வரிசையின் கடைசிவரை போயிற்று.

"இந்தாப்பா, உங்க அம்மா எங்க குலம். நான் உனக்குத் தாய்மாமன். என் நாற்காலி எங்கே?" என்றார் அடுத்து நின்றவர்.

"அந்த மாமனுக்கே நான் மாமன். எனக்குக் கை வெச்ச நாற்காலி போடு" என்றார் அவருக்கு அடுத்தவர்.

மூன்று மணிக்குள் வரிசை முழுவதும் மூதாதையராகிவிட்டது. நாற்காலி போதாமல் தேவாலயத்திலிருந்து பெஞ்சுகள் வந்தன. மூன்றரைக்குத் தலைநகரத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"மூதாதையர் நாற்பத்தோரு பேர் ஐயா! சாதனை!" என்றார் சஹாலா.

"வாரிசு எத்தனை பேர்?"

சஹாலா பதிவேட்டைப் புரட்டினார்; வாரிசுப் பத்தி காலி.

"இணைப்புன்னா ரெண்டு முனை வேணாமாய்யா? நாலு மணிக்குள்ள ஒரு வாரிசாவது பதிவாகணும். கட்டமெல்லாம் காலியா இருந்தாலும் பரவாயில்லை. இல்லேன்னா ஆபீஸை மூடிடுவோம்."

"நான் இருக்கேனே, ஐயா."

"நீ அதிகாரி. அதிகாரிக்கு வம்சம் கிடையாது."

சஹாலா கூடத்துக்கு வந்து கைகூப்பினார். "பெரியவங்களே, யாராவது ஒருத்தர் வாரிசா இருங்க. உடனே முத்திரை குத்தித் தர்றேன். ஒண்ணே ஒண்ணு, நாளைக்கு விருந்துல மூதாதையர் எல்லாருக்கும் பரிமாறிப் பாத்திரம் கழுவறது வாரிசோட கடமை."

எல்லோரும் சான்றிதழ் வாங்க வந்தவர்கள்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ அசையாதே, லம்ரியா" என்றார் போனார். அவர் கையில் மூன்றாவது தேநீர் இருந்தது. "நம்ம குடும்பத்துக்குத் தலைப்பங்கு எப்பவாவது கிடைச்சிருக்கா? ஒண்ணாம் வகுப்பு எங்கே ஓடிப்போகப் போகுது? அடுத்த வருஷமும் இருக்கும்."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. சஹாலா நாற்காலி முன்னால் மண்டியிட்டார்.

"ஒப்புங், நீங்கதான் சொல்லணும். பாட்டியா, வாரிசா?"

லம்ரியா நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். மேசைக்கு எதிரே போய் வரிசையில் நின்றாள். வரிசையில் வேறு யாரும் இல்லை.