புழுவுக்குக் கருமாதி

மலேசியாவில், மலாக்கா மாநிலத்துப் புக்கிட் காத்திலில் ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால், உள்ளே சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமியார் வந்திருக்க வேண்டும். தொண்ணூற்று நான்காம் ஆண்டு குவிந்தது சாமியாருக்காக. பெயர் நறுமணச் சித்தர். இமயமலையில் தவம் இருந்தவராம். அங்கிருந்து நேராக இதே மாநிலத்து மஸ்ஜித் தானா ஊரில் இறங்கி, அங்கே தமிழர் கூட்டம் பத்தாமல், இங்கே வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். ஞானமும் ஆள் நடமாட்டம் பார்த்துத்தான் கடை போடுகிறது.

சித்தரின் கண்டுபிடிப்பு இதுதான். வாய் நாறுகிறதா? அது செத்துப்போன சொந்தக்காரர் விட்ட சாபம். சாபம் புழுவாகிப் பல்லின் வேரில் குடியிருக்கிறது. மூங்கில் குழாயைப் பல்லில் வைத்து மந்திரம் சொல்லி, பஞ்சால் வாயைத் துடைத்துவிடுவார். வெற்றிலைமேல் புழு விழும். உயிரோடு நெளியும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதோடு விட்டாரா? புழு முன்னோர் சாபம் அல்லவா, அதற்குக் கருமாதி செய்ய வேண்டும். கருமாதி முடியும்வரை தீட்டு. தீட்டில் பல் துலக்கக் கூடாது. துலக்காத வாய் என்ன செய்யும்? நாறும். நாறினால் இன்னொரு புழு. அதற்கும் ஒரு கருமாதி. சித்தரின் பக்தர்கள் மலாக்கா பஸ்ஸில் ஏறினால், கொட்டும் மழையிலும் மற்றவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள்.

அந்தப் பக்தர்களில் ஒருத்தி கலைமகள். ஃபேக்டரியில் வேலை, தை மாதம் கல்யாணம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக முத்தம் கொடுக்க வந்தவர், பாதி வழியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்: பெண்ணின் வாயைச் சரி பண்ணுங்கள், இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். கலைமகளின் அம்மா ஜானகி பல் டாக்டரிடம் போயிருக்கலாம். சித்தரிடம் போனார். மூன்று புழு வந்தது, மூன்று கருமாதி நடந்தது. நாற்றம் போகவில்லை. கன்னம்தான் வீங்கியது. முதலில் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிய பெண், பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜானகியின் தம்பி அங்கமுத்து லாரி ஓட்டுபவர். சாமி, பேய் இரண்டையும் நம்பாதவர். அவர் நம்பியது தன் பல்லை மட்டுமே. ஐம்பது வயதிலும் வரிசை பிசகாத வெள்ளைப் பல். கல்யாண வீட்டுப் படங்களில் மணமக்களுக்கு முன்னால் அந்தப் பல்தான் கண்ணில் படும். எல்லாம் வேப்பங்குச்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"கன்னம் வீங்கிக் கெடக்குக்கா. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ லா," என்றார் அக்காவிடம்.

"டாக்டருக்குச் சாபம் எடுக்கத் தெரியுமாடா? ஒனக்குப் பல்லு நல்லாருக்கு, நீ பேசுவ."

அங்கமுத்து லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரமே சித்தர் அடுத்த குண்டைப் போட்டார். கலைமகளின் வாயில் இன்னும் இருப்பது தாய்ப்புழுவாம். அது வெளியே வந்தால் சாதாரணக் கருமாதி போதாது, வருஷத் தீட்டு காக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு வருஷம் நல்ல காரியம் கூடாது. தை மாதக் கல்யாணம் ஒரு புழுவின் வயிற்றுக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தாய்ப்புழு எடுக்கும் நாள். கலைமகள் உட்காருவதற்கு முன்பே அங்கமுத்து முந்திப்போய்ப் பலகையில் உட்கார்ந்தார். தனக்கும் வாய் நாறுகிறது, முதலில் தனக்குப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டம் ஆச்சரியப்பட்டது. அந்தப் பல்லுக்கே சாபமா? சித்தருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குனிந்து பார்த்து, கீழ்வரிசை, வலதுபக்கம், கடைசிப் பல், பாட்டனார் சாபம் என்று விலாசமே சொன்னார்.

"நல்லாப் பாருங்க சாமி. வேர்லதான் இருக்கா?"

"வேர்லதாம்ப்பா. நீ பொறந்ததுலேர்ந்து இருக்கு."

குழாய், மந்திரம், பஞ்சு. வெற்றிலைமேல் கொழுத்த புழு ஒன்று விழுந்தது. கூட்டம் கும்பிட்டது. அங்கமுத்து சுற்றிலும் பார்த்தார். ஊரே அங்கே இருந்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெருமையை ஒருமுறை நினைத்துக்கொண்டார். மூலையில் வீங்கிய கன்னத்தோடு நின்ற அக்கா மகளைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை வாய்க்குள் விட்டு நெம்பினார். கீழ்வரிசை முழுசாக வெளியே வந்தது. மேல்வரிசையும் வந்தது. இரண்டையும் புழுவுக்குப் பக்கத்தில் வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

"இது பிளாஷ்டிக்கு, ஷாமி," என்றார் பொக்கை வாயோடு. "கிளினிக்குல கட்டுனது. வேரு எங்க இருக்கு, காட்டுங்க."

சாபம் பிளாஸ்டிக்கிலும் இறங்கும் என்று சித்தர் முணுமுணுத்தார். அதற்குள் ஜானகி அவர் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் பிய்த்தார். உள்ளே இன்னும் நான்கைந்து புழுக்கள் நெளிந்தன. குருவிக்குத் தீனியாகக் கடையில் விற்கிற அதே புழு.

"குருவித் தீனிக்காடா நான் மூணு தடவ வடை சுட்டேன்?" என்றார் ஜானகி.

இமயமலைக்குக் குறுக்குவழி அடுப்படிப் பின்கதவு வழியாகப் போகிறது போலும். சித்தர் அதில்தான் ஓடினார்.

மறுநாள் கலைமகள் கிளினிக்குக்குப் போனாள். சொத்தைப் பல்லில் சோறு தங்கி அழுகியிருந்தது. வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, வற்றியதும் பல்லைப் பிடுங்கி, மற்ற பற்களில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார் டாக்டர். காலையும் இரவும் பல் துலக்கு, நாக்கையும் வழி என்றார். மந்திரம் அவ்வளவுதான். தை மாதம் மாமியார் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கல்யாணப் படத்தில் அங்கமுத்துவின் பல் வழக்கம்போல மின்னியது. வேப்பங்குச்சிக் கதை மட்டும் அதற்குப் பிறகு யார் காதிலும் விழவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அங்கமுத்து கழற்றிய பல்லை அங்கேயே எடுத்து மாட்டிக்கொண்டார். சாமியார் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து மூளையையும் கழற்றிப் போட்டவர்களே, திரும்பும்போது செருப்பை மட்டும்தானே தேடினீர்கள்?