பேரருளன் நலமாக இருக்கிறார்

ஒருமை நாட்டில் முதலில் அரசனுக்கு மட்டும்தான் பேரருளன் என்று பெயர் இருந்தது. பிறகு துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு வைத்தார்கள். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் ஒரு சினிமாவுக்கும் வைத்தார்கள். அரசன் முடிசூடிய ஆண்டில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் அதே பெயர் என்று ஆணை வந்தது. பின்னால் பிறந்த இளவரசனுக்கும் அதுதான். தேர்தல்கூட நடந்தது. போட்டியிட்டவர்கள் எல்லோரும் பேரருளன். வென்றவரும் பேரருளன். யாருக்கும் சந்தேகம் இல்லை.

சினிமாவால்தான் சிக்கல் வந்தது. டீக்கடையில் ஒருவன், "பேரருளன் ஓடுதா?" என்று கேட்டான். இன்னொருவன், "எங்க ஓடுது? வந்த வேகத்துல படுத்துட்டான்யா" என்றான். மாலைக்குள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தைத்தான் சொன்னோம் என்று அழுதார்கள்.

பெயர்த்துறை அமைச்சர் இன்சொல்லார் சபையில் எழுந்தார்.

"அரசே, படம் வேறு, தாங்கள் வேறு என்று இவர்கள் வாதிடுகிறார்கள். இன்று படத்தைப் பிரிப்பார்கள். நாளை நாட்டையே பிரிப்பார்கள்."

அரசன் அதிர்ந்துபோனான். அன்றே சட்டம் வந்தது. ஒரு பெயருக்கு ஒரே பொருள். ஒரு பேரருளனைப் பற்றிச் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்தச் சொல்லுக்கு இனிமேல் பன்மை கிடையாது.

கப்பல் ஒழுகியது. பேரருளன் ஒழுகுகிறார் என்று எந்த மாலுமி எழுதித் தருவான்? கப்பல் துறைமுகத்திலேயே முழுகியது. பேரருளன் ஆழ்ந்திருக்கிறார் என்று அரசு அறிவித்தது. அந்தப் பெயர்கொண்ட நோயாளிகளை மருத்துவமனை திருப்பி அனுப்பியது, அரசருக்குக் காய்ச்சல் இல்லை என்பதால். பாலத்தின் தூணில் விரிசல் கண்ட பொறியாளர், "பேரருளனுக்குக் கால் ஆட்டம் கண்டிருக்கிறது" என்று வாயால் சொன்னார். அவருக்கு ஆயுள் தண்டனை.

மழைக்காலத்தில் ஒரு சந்தை நாளன்று பாலத்தின் நடுப்பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. கரை ஒதுங்கிய உடல்களைக் காவலர்கள் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள். பாலம் விழவில்லை. ஆகவே யாரும் சாகவில்லை.

கீரை விற்கும் வடிவாச்சி கொட்டகை வாசலுக்கு வந்தாள். அவள் புருஷன் கீரைக்கூடையோடு பாலத்தில் போனவன். கதவு இடுக்கு வழியாக அவன் கால் தெரிந்தது. ஈக்கள் மொய்த்திருந்தன.

"எங்க வீட்டுக்காரர் உள்ள கிடக்கார். குடுத்துருங்கய்யா. நாறிப்போறதுக்குள்ள புதைச்சுடறேன்."

"பேரு என்னம்மா?" என்றான் காவலன்.

அந்த நாட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை.

"நம்ம ராசா பேருதான். இந்தப் பாலத்துப் பேருதான்."

காவலன் உடனே அமைச்சருக்கு ஆள் அனுப்பினான். அக்கரை அரண்மனையிலிருந்து படகேறி வந்த இன்சொல்லார் பல்லக்கில் வந்து இறங்கி, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டார்.

"அம்மணி, பேரருளன் அரண்மனையில் உணவருந்திக்கொண்டிருக்கிறார். நானே பார்த்துவிட்டு வருகிறேன். சட்டப்படி உன் கணவன் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருப்பவனைப் புதைப்பது கொலை."

வடிவாச்சி அவரையே பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

"அப்படியா சாமி? அப்போ அவர வீட்டுக்கு வரச் சொல்லுங்க. அக்கரையிலேருந்து தினமும் இந்தப் பாலத்து மேலதான் நடந்து வருவார். இன்னைக்கும் வரட்டும்."

கூட்டத்தில் யாரோ, "வரட்டும்!" என்றார்கள். பிறகு கரை முழுவதும் கத்தியது. இதை அரசனிடம் சொல்ல இன்சொல்லாரிடம் ஒரே ஒரு சட்டபூர்வமான வாக்கியம்தான் இருந்தது.

"அரசே, தாங்கள் பாலத்தின் மேல் நடந்து வருவதைக் காண மக்கள் துடிக்கிறார்கள்."

மறுநாள் அக்கரையிலிருந்து மேளதாளத்தோடு அரசன் வந்தான். பாலம் விழுந்தது அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லும் வாக்கியம் நாட்டில் யாரிடமும் இல்லை. பாதிப் பாலத்தில் மேளக்காரர்கள் வாசித்தபடியே நின்றுவிட்டார்கள். அரசன் அவர்களைத் தாண்டிப் போய் விளிம்பில் நின்று கீழே பார்த்தான். செந்நிறத் தண்ணீர் சுழித்து ஓடியது.

"இன்சொல்லாரே, பாலம் எங்கே?"

"நிற்கிறது அரசே. தாங்கள் நிற்கிறீர்களே."

"எதிரே ஒன்றும் இல்லையே!"

"பேரருளன் விழுந்துவிட்டார் என்று தாங்களே அறிவித்தால் நான் பதிவு செய்கிறேன். ஆனால் அதற்குத் தண்டனை உண்டு."

இரண்டு கரையிலும் ஜனங்கள். அரசன் திரும்பிப் பார்த்தான். மந்திரிகள் கைகட்டி நின்றார்கள். ஒரு வார்த்தை போதும், திரும்பி நடந்துவிடலாம். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மேலாடையைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தி, காலை எடுத்து முன்னால் வைத்தான்.

சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

வடிவாச்சி வாயைப் பொத்திக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் திரும்பிப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நடந்துவிடுவான் என்று நினைக்கவில்லை.

மேளக்காரர்களுக்கு நிறுத்த உத்தரவு வரவில்லை. அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மாலையில் ஊர் ஊராகப் பறையறைந்தார்கள். பேரருளன் நலமாக இருக்கிறார். பொய் இல்லை. இளவரசன் அரியணையில் உட்கார்ந்திருந்தான். பாலத்துச் சுங்கச்சாவடியில் வசூலும் தொடங்கியது.

மறுநாள் காலையில் வடிவாச்சி மறுபடி கொட்டகைக்குப் போனாள்.

"பேரு?" என்றான் காவலன். ராத்திரி கரை ஒதுங்கிய இன்னொரு உடலையும் உள்ளே போட்டதிலிருந்து அவன் தூங்கியிருக்கவில்லை.

"சொல்ற வழக்கமில்ல. எங்க வீட்டுக்காரர்."

காவலன் யோசித்தான். வீட்டுக்காரரைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அவன் பூட்டைத் திறந்தான்.

செய்தி பரவிப் பெண்கள் வரிசை கட்டினார்கள். ஒருத்தியும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். காவலனும் நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொரு உடலாக எடுத்துக் கொடுத்தான்.

கடைசியாக நின்றவள் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. பட்டுப்புடவையின் ஓரமெல்லாம் சேறு.

"யாரும்மா வேணும்?"

மகாராணி இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள்.