பாதிவிலைக்காரர் இன்ஜின் இறக்கிய கதை

இரண்டே இரண்டு சீட்டு வைத்து ஒரு கார் செய்தானே, அந்தப் புண்ணியவானுக்கு நிச்சயம் கல்யாணம் ஆகியிருக்காது. ஆகியிருந்தால் இப்படி ஒரு பாவத்தைச் செய்வானா? பின்சீட்டு என்று ஒன்று இருந்தால்தானே வீட்டுக்காரியை அதில் உட்கார வைத்துவிட்டு மனுஷன் முன்னால் நிம்மதியாக ஓட்டலாம்? தோளோடு தோள் உரசுகிற மாதிரி உட்கார வைத்துவிட்டு, தப்பிக்க ஆளுக்கொரு கதவைக் கொடுத்தான். அதுவும் ஓடும்போது திறக்கக்கூடாத கதவு. எந்தப் பட்டறையில் உட்கார்ந்து அந்தக் காருக்குப் படம் போட்டானோ தெரியாது. அவனால் நிம்மதி கெட்டவர்களில் ஒருவர் நம் பாதிவிலைக்காரர்.

பாதிவிலைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். இடிக்கிற வீடுகளில் கதவு ஜன்னல் வாங்கி விற்பது தொழில். படித்தது கொஞ்சம், பட்டது நிறைய. எதைப் பார்த்தாலும் சொன்ன விலையில் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றதற்கு, ஒன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசி ஜெயித்து, மறுவாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனவர். கோபம் ஒன்றுதான் அவரிடம் எப்போதும் முழு அளவில் கிடைக்கும்.

கார் அவருக்கு வந்ததும் பேரத்தில்தான். ஒரு பெரிய வீட்டை இடித்தபோது அதன் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். "இதுக்கும் ரெண்டு கதவு இருக்கு. மத்த கதவோட சேத்துக் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. மற்ற காரில் ஏறுவார்கள், இதில் இறங்கித்தான் உட்கார வேண்டும். ஆனால் அது வாசலில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் "டேய் கதவு" என்று கூப்பிட்ட வாய்கள் "வாங்க சார்" என்றன. அந்த நன்றி அவருக்கு நிறைய உண்டு. காலையில் எழுந்ததும் அதன் பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வீட்டுக்காரி ஒருநாள் கேட்டதற்கு, "அது உன் கைக்கு அடங்காது" என்று சொல்லிவிட்டார். அவளும் அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட வண்டி ஒரு காலையில் வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டது. மெக்கானிக் ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் கலந்த காப்பியாக வழிந்தது.

"தண்ணி உள்ள இறங்கிடுச்சுண்ணே. இறக்கணும்."

"எவ்வளவு இறக்குவ?"

"விலையை இல்லண்ணே, இன்ஜினை."

"அதை முதல்ல சொல்லு."

"ரெண்டு வழி இருக்கு. இதையே இறக்கிப் பிரிச்சு, பிஸ்டன் ரிங் மாத்தி, கேஸ்கெட் மாத்திக் கோக்கலாம். நாளாகும். இல்லைன்னா, அதோ பாருங்க."

மேலே சங்கிலியில் ஒரு இன்ஜின் தொங்கியது. அடிபட்ட புது வண்டி ஒன்றிலிருந்து எடுத்ததாம். தூக்கி வைத்தால் ஓடுமாம். பழையதைப்போல இரண்டு பங்கு இழுவையாம். பாதிவிலைக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளைப் பாதியாக அல்லாமல் இரண்டு மடங்காகப் பார்த்தார். என்றோ ஒருநாள் எதிர்வீட்டுக்காரன் தன் காரில் இவரை முந்திக்கொண்டு போன காட்சி மனதில் ஓடியது. இன்ஜினை மாற்றியே தீருவது என்று முடிவு கட்டினார்.

முடிவு அவருடையது. பீரோ சாவி வீட்டுக்காரியிடம் இருந்தது.

நேராகக் கேட்டால் கிடைக்காது. அதற்குத்தான் தொழில் கற்றுக்கொடுத்த வித்தை இருக்கிறதே. பெரிதாகக் கேட்க வேண்டும். எதிராளி குதிப்பான். போனால் போகட்டும் என்று நாம் வேண்டியதுக்கு இறங்கி வர வேண்டும். புதுக் காரே கேட்பது. அவள் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். வேறு இன்ஜினாவது போடலாம் என்று பெருந்தன்மையாக இறங்குவது. பெருந்தன்மையை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வீடு வந்தார்.

அவள் அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டி கதை முடிஞ்சுது. பேசாம அதைத் தள்ளிட்டு, புதுக் கார் வாங்கிடலாம்னு பாக்கறேன்."

கத்தி நிற்கவில்லை.

"சரிங்க."

"என்ன சரி?"

"வாங்கிடலாம். பின்னாடி சீட்டு வச்சதா, நல்லதா. எங்கம்மாவும் எத்தனை நாள்தான் நம்மளை வாசல்ல நின்னு வழியனுப்புவாங்க?"

பாதிவிலைக்காரருக்கு வேர்த்தது. கதவு வியாபாரத்தில் குழந்தைக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. நீ சொன்ன முதல் விலைக்கே எதிராளி சரி என்றால், நீ செத்தாய். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாருமே அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"இல்ல... புதுசுன்னா செலவாகுமே."

"ஆகட்டும். பழசை எடைக்குப் போட்டா கொஞ்சம் வராதா? இரும்புக்காரரை சாயந்தரமே வரச் சொல்றேன்." பீன்ஸ் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"போனை வை."

"ஏங்க?"

"எடைக்கா? அது என்ன ஓட்டைச் சட்டியா? என்னை மனுஷனாக்கின வண்டிடி அது."

"கதை முடிஞ்சுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கார் நல்லாத்தான் இருக்கு. இன்ஜினை மட்டும் மாத்தினா போதும்." திட்டமிட்ட இடத்துக்கே இறங்கி வந்துவிட்டார். ஆனால் பெருந்தன்மை வரவில்லை. மூச்சுத்தான் வாங்கியது.

"யாரோட இன்ஜினு?"

"ஒரு வண்டியோடது. அடிபட்ட வண்டி. ஆனா நல்ல இன்ஜின்."

"அந்த வண்டியை ஓட்டினவர் எப்படி இருக்கார்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அவ்வளவு நல்ல இன்ஜின் அவரைக் கொண்டுபோய் எதுல மோதிச்சோ. வேணாங்க. முகம் அதேதான், நெஞ்சு மட்டும் வேற ஆளோடதுன்னா அது நம்ம வண்டி ஆயிடுமா? புதுசே வாங்கிடலாம். அந்த இரும்புக்காரர் நம்பரை எங்க வச்சேன்..."

"போனை வைன்னு சொன்னேன்ல."

"கோவப்படாதீங்க. கடைக்கு வரவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க? பழைய மரம் வெயில் மழையெல்லாம் பாத்தது, இனிமே வளையாதுன்னு சொல்ல மாட்டீங்க?"

"அது கதவு."

"இதையும் கதவுக் கணக்குலதான வாங்கினீங்க?"

அவர் விற்ற சரக்கை அவரிடமே விற்றுவிட்டாள். போன் இன்னும் அவள் கையில் இருந்தது. சாயந்தரம் வாசலில் தராசோடு ஒருவன் வந்து நிற்பது அவர் கண்ணில் தெரிந்தது.

"சரி தாயே. இருக்கற இன்ஜினையே இறக்கி வேலை பாக்கலாம். போதுமா?"

"நாளாகுமாமே. உங்களுக்குப் பொறுமை இருக்குமா?"

"இருக்கும்."

"மெக்கானிக் என்ன சொன்னாலும் கேக்கணும்."

"கேக்கறேன்."

"கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்" என்று கத்தினார்.

பக்கத்து அறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "நான் கேட்டுட்டேன் மாப்பிள்ளை. சாட்சிக்கு ஆள் வேணும்னா கூப்பிடுங்க."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்குத் தோற்றதாகவே தோன்றவில்லை. வண்டி பிழைத்ததே, அது போதாதா? இரும்புக்காரனிடமிருந்து சாமர்த்தியமாகக் காப்பாற்றிவிட்டோம் என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

வேலை நடந்த நாளெல்லாம் பட்டறையே கதி என்று கிடந்தார். அவருடைய பழைய இன்ஜின் பெஞ்சில் பிரிந்து கிடந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினான். "எங்கயும் கீறலே இல்லண்ணே. இரும்புன்னா இதுதான் இரும்பு." அப்போதுதான் ஒருவன் கத்திக்கொண்டே பட்டறைக்குள் வந்தான். சங்கிலியில் தொங்கிய இன்ஜினை வாங்கிப்போனவனாம். வீடு போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டதாம். அவனும் இவரைப்போலவே சிவந்த முகக்காரன். இவருடைய வசவுகளையே அவனும் வைத்திருந்தான். கண்ணாடி பார்த்தது போல இருந்தது.

பாதிவிலைக்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"நீ மட்டும் இல்லைன்னா நான் ஏமாந்திருப்பேன். நீ நல்லா இருக்கணும்."

"நான் என்ன செஞ்சேன்? நீங்கதான இறங்கி வந்தீங்க."

அந்த அடக்கத்தைக் கண்டு அவருக்கு இன்னும் நெகிழ்ந்தது. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனதார நினைத்தார். இதில் பேரமே இல்லை, முழுசாகவே நினைத்தார்.

வண்டி வீடு வந்து சேர்ந்தது. மெக்கானிக்கே கொண்டுவந்து விட்டான். புகை இல்லை, இருமல் இல்லை. பாதிவிலைக்காரர் ஓடிப்போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இறங்கி உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். புது ரிங் போட்டிருக்கு. அது பழகற வரைக்கும் இன்ஜினை அதட்டக் கூடாது. சட்டுனு மிதிக்கக் கூடாது. கோவக்காரங்க கால் படவே கூடாது."

"யாரைடா சொல்ற?"

"நான் பொதுவாத்தான் சொன்னேன். யார் ஓட்டறதுன்னு அக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்களே."

"என்னைக்கு?"

"நீங்க பட்டறைக்கு வந்த அன்னைக்கு. நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள போன் பண்ணினாங்க. வண்டிக்கு என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். அவர் எதை மாத்தச் சொன்னாலும் மாத்தாத, இருக்கறதையே இறக்கு, பழக்கற வேலை என்னோடதுன்னு சொன்னாங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி கையில் பையோடு வந்து நின்றாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீங்க ஊரெல்லாம் கதவு பாக்கப் போனப்ப நான் கத்துக்கிட்டேன். லைசென்சும் இருக்கு."

பாதிவிலைக்காரர் வாயைத் திறந்தார். கத்த மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. சாட்சியும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வாயை மூடினார்.

"இறங்குங்க" என்றாள் அவள், மெதுவாக.

இறங்கினார். மாமியார் அந்தப்பக்கம் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாக வண்டிக்குள் இறங்கினார். "மாப்பிள்ளை, கதவைக் கொஞ்சம் பாத்துச் சாத்துங்க. கதவைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

சாத்தினார். இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப்போல முனகிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டு அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். வண்டி உயிரோடு இருக்கிறது, நன்றாக இருக்கிறது, அவள் புண்ணியம். அவர்தான் தெருவில் நிற்கிறார்.

ஆகவே, அந்தக் காருக்குப் படம் போட்ட புண்ணியவான் எங்கே இருந்தாலும் சரி, இப்போதாவது வந்து, செய்த பாவத்துக்கு இன்னொரு சீட்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். முழுசாகக்கூட வேண்டாம், பாதி போதும்.