மூலையில் குறியில்லாத டிராகன்

"இது போலி" என்றார் ஹிமுரோ, கார்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே.

ஒசாகாவின் நிப்போன்பாஷி கடைத்தெருவில், சேகரிப்போருக்கான விளையாட்டுக் கார்டுகளை வாங்கி விற்கும் அந்தக் கடையில் பதினோரு வருடமாக அவர்தான் மதிப்பீட்டாளர். கீழ் மூலையில் அச்சிட்ட குறியைப் பார்த்தே கார்டு எவ்வளவு அரிது என்று சொல்லிவிடுவார். வட்டம் என்றால் சாதாரணம், நட்சத்திரம் என்றால் அரிது. வீட்டில் சாப்பிடும்போதும் இதே பேச்சுதான்.

மிசோகுச்சி என்ற பெண்மணி பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து வைத்த வெள்ளி டிராகனுக்கோ குறியே இல்லை. பழைய போட்டியொன்றின் பரிசுக் கார்டு அது; பரிசுக் கார்டுகளில் குறி போடுவதில்லை. ஒசாகாவில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது ஹிமுரோவின் வீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. ஞாயிறன்று கடையின் கண்காட்சியில் நடுநாயகமாக வைக்கப்போகிறார்கள். இரண்டாவது ஒன்று முளைத்தால் அவர் பெருமை என்னாவது?

"எங்கே வாங்கினீங்கம்மா?"

"பழைய சாமான் பஜார்ல. பொண்ணு ஆசைப்பட்டா."

"அப்ப சந்தேகமே இல்ல."

விளக்கில் பிடித்தார். போலி என்றால் வெளிச்சம் ஊடுருவும். ஆனால் ஊடுருவவில்லை.

"பல்பு சரியில்ல."

தராசில் வைத்தார். எடை இம்மி பிசகவில்லை.

"போலி பண்றவன்கிட்டயும் தராசு இருக்கும்ல?"

வளைத்துப் பார்த்தார். அசலைப் போலவே வில்லாகத் துள்ளி நிமிர்ந்தது. குறுக்கே ஒரு மடிப்பு மட்டும் விழுந்துவிட்டது.

"ஹிமுரோ, போதும்பா" என்றார் மேனேஜர் தாச்சிகாவா. "அசலா இருந்து தொலைச்சா?"

"இருந்தா என் கார்டையே இவங்களுக்குக் குடுத்துடறேன். கிழிச்சா தெரிஞ்சிடும் சார். அசல்னா உள்ளே கறுப்பா ஒரு அடுக்கு இருக்கும்."

மிசோகுச்சி தயங்கினார். "உங்க கார்டு நல்லா இருக்குமா?"

"இதைவிட நூறு மடங்கு!"

"அப்ப சரி."

சர்ர்ர்.

கிழிந்த ஓரத்தில், சோற்றுருண்டையைச் சுற்றும் கடற்பாசித் தாள் போல, கன்னங்கரேலென்று ஒரு கோடு.

"அசல்" என்றார் மேனேஜர், ஈனஸ்வரத்தில்.

ஹிமுரோ அசரவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். தன்னுடையதை மிசோகுச்சிக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமே கண்காட்சிக்கு இரவல் கேட்டால் போயிற்று. எல்லோருக்கும் கேட்கும்படி மனைவிக்குப் போன் போட்டார்.

"சனாயே, டிராயர்ல இருக்கற டிராகனை உடனே கடைக்கு எடுத்துட்டு வா!"

"அதுவா? மூலையில வட்டமும் இல்ல, நட்சத்திரமும் இல்ல. நீங்க சொல்லிக்குடுத்தபடி பார்த்தா சாதாரணத்துக்கும் கீழேன்னு போன வாரம் பஜார்ல வித்துட்டேனே! பாவம், ஒரு அம்மா பொண்ணுக்குன்னு கேட்டாங்க, பிஸ்கட் டப்பாவையும் சேர்த்தே குடுத்துட்டேன்."